குடியிருப்புச் சுவரில் ஓவியம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். கண்ணகி நகர் சுவரோவியங்களைப் பார்த்ததிலிருந்து எங்கள் பிளாக்கின் பக்கச் சுவரிலும் வரைய வேண்டும் என்று பேச்சு. 30 அடி அகலம், 40 அடி உயரம். ஓவியக் கல்லூரி மாணவர்கள் வரத் தயார். ஆனால் சாரத்தில் ஏறப்போவது அவர்கள்தான். எங்கள் ஆட்கள் கீழே நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டுமா?

ச., சென்னை

அன்புள்ள ச.,

வேண்டியதில்லை. ஃபிலடெல்ஃபியா நகரின் சுவரோவியத் திட்டத்தில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நெய்யாத பாலியஸ்டர் துணியை 5 அடிச் சதுரங்களாக வெட்டி, ஓவியத்தின் கோடுகளை அதில் எடுத்து, எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று எண் போட்டுவிடுவார்கள். மக்கள் கூடத்தில் உட்கார்ந்து தீட்டுவார்கள். பிறகு அக்ரிலிக் ஜெல் என்ற பசை தடவிச் சுவரில் ஒட்டுவது. உங்கள் சுவருக்கு 48 சதுரம் வரும். முட்டிவலிக்காரப் பாட்டி தீட்டியதும் மூன்றாவது மாடி உயரத்துக்குப் போகும். செலவு கட்டுப்படியாகாவிட்டால் மேல் இரண்டு வரிசை, அதாவது 12 சதுரமாவது துணியில் செய்யுங்கள். கீழே நாலடியைப் பிள்ளைகளுக்கு விட்டு உள்ளங்கை பதிக்கச் சொல்வதைப் பங்கேற்பு என்று நான் ஒப்பமாட்டேன். சைக்கிள் ஹேண்டிலும் பந்தும் பட்டு முதலில் அழிவதும் அந்த நாலடிதான்.

ஒவ்வொரு துணியின் பின்பக்கமும் வரிசை எண்ணும், மேல்பக்கம் காட்டும் அம்புக்குறியும் வேண்டும். ஒரு வண்ணத்தை ஒரே ஆள், மொத்த அளவையும் ஒரே தடவையில் கலந்து மூடி வைக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் சாயல் மாறும். வானம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். காற்று தங்கினால் வெயிலில் கொப்பளிக்கும்.

இவ்வளவும் சுவர் காய்ந்திருந்தால்தான். வாரியக் கட்டடங்களில் கழிவறைக் குழாய் கசிந்து சுவருக்குள் ஈரம் இறங்குவது சாதாரணம். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் முதல் செலவு பிளம்பருக்கு. ஈரச் சுவரில் உப்புப் பூத்து எந்தப் பெயிண்டையும் தள்ளிவிடும். கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வருகிறதா? பழைய சுண்ணாம்பு அது. முழுக்கச் சுரண்டிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மேலே அடித்தது ஏடு ஏடாக உரியும். புதுப் பூச்சு என்றால் 28 நாள் ஆறட்டும். 1,200 சதுர அடிக்கு எக்ஸ்டீரியர் பிரைமர் (வெளிச்சுவர் அடிப்பூச்சு) ஒரு கோட்டுக்கு 12 லிட்டர், எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட்டுக்கு 24 லிட்டர் கணக்கு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். பொங்கல் கழித்து ஆரம்பிக்கலாம்.

வாரியத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். என்ன படம் என்பதை வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் திரும்பிய பிறகு, இரவில் கூடிப் பேசுங்கள். பகல் கூட்டத்தில் சங்கத்து ஆண்கள் மட்டும் முடிவெடுத்துவிடுவார்கள். கட்சி, சாதித் தலைவர் படம் வேண்டாம் என்று முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்புப் பிள்ளை ஒருவரின் முகம் என்றால் பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். வருஷக்கணக்கில் அது அங்கே இருக்கும்.

சுவர் எந்தத் திசை பார்த்தது என்று எழுதவில்லையே? மேற்கு என்றால் பளீர் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும், காவி நிற்கும். பாலித்தீன் சோதனை முடிந்ததும் எழுதுங்கள், வண்ணப் பட்டியல் அனுப்புகிறேன்.