நகை பீரோவுலயே இருக்கட்டும் டீச்சர்

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயசு. எம்.எஸ்சி. ஜூவாலஜி, பி.எட். ஒரு பிரைவேட் ஸ்கூல்ல 11 வருஷம் பிளஸ் டூ எடுத்தேன். பேசிக் 13,000, எல்லாம் சேத்து 19,500. காலைல ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி ஹாஸ்டல் ஸ்டடி, மே மாச வெயில்ல வீடு வீடா அட்மிஷன் கேன்வாஸ்னு ஓடி ஓடி உடம்பு முடியாம போய் வேலையை விடறேன்னு எழுதி குடுத்துட்டேன். வீட்டுக்காரர் போர் போடற ரிக் வண்டில போறவர், மாசக்கணக்கா வடக்கதான் இருப்பாரு, ரெண்டு பசங்களை விட்டுட்டு நான் சென்னைக்கெல்லாம் போக முடியாது. மெடிக்கல் கோடிங் படிச்சா வேலை கேரன்டின்னு ஒரு இன்ஸ்டிட்யூட்ல சொல்றாங்க, பீஸ் 45,000. நகையை வச்சு கட்டிடவா?
- பேர் வேண்டாம், திருச்செங்கோடு

பதில்: வேணாம். நகை பீரோவுலயே இருக்கட்டும், முதல்ல பழைய ஸ்கூல்ல உங்களுக்கு வர வேண்டிய காசை வாங்குங்க. லெட்டர்ல கிராஜுட்டி (வேலையை விடும்போது சர்வீஸுக்காக மொத்தமா தர வேண்டிய பணம்) பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல, அதனால கேக்கவே இல்லன்னு நினைக்கிறேன். அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பாத்திருந்தா நாமளா ரிசைன் பண்ணாலும் அது உண்டு. டீச்சருக்கெல்லாம் கிடையாதும்மான்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க, அது பழைய கதை. 2004-ல சுப்ரீம் கோர்ட் அப்படி சொன்னது உண்மைதான், அதுக்காகவே 2009-ல சட்டத்தை திருத்தி 1997 ஏப்ரல்ல இருந்தே டீச்சர்ஸுக்கும் உண்டுன்னு ஆக்கிட்டாங்க, அதை எதிர்த்து பிரைவேட் ஸ்கூல்காரங்க கோர்ட்டுக்கு போய் 2022 ஆகஸ்ட்ல தோத்தும் போயிட்டாங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள். பேசிக் 13,000-த்தை மாசத்துக்கு 26 வேலை நாள்னு வகுத்தா 500, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு போட்டா 7,500, அதை 11 வருஷத்தால பெருக்கினா 82,500 ரூபா. எழுத்துல கேளுங்க, வாயால கேட்டா பாக்கலாம்னு அனுப்பிடுவாங்க. ஒரு காப்பில சீல் போட்டு வாங்கி வச்சுக்கோங்க. தரலன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுக்கலாம். ஆனா ஒண்ணு, ஒரிஜினல் சர்டிபிகேட் அங்க இருந்தா அதை கைல வாங்கிட்டு அப்புறம் இந்த பேச்சை எடுங்க (இல்லன்னா அதை தராம இழுத்தடிப்பாங்க). பி.எஃப். பிடிச்சிருந்தா அவசரப்பட்டு எடுக்காதீங்க, பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், உங்களுக்கு அது தாண்டியாச்சு, பாஸ்புக்ல எல்லா வருஷமும் ஏறியிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

இப்ப கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரில டாக்டர் எழுதின குறிப்பை படிச்சு, நோய்க்கு ஒரு கோடு (குறியீடு), செஞ்ச வைத்தியத்துக்கு ஒரு கோடுன்னு போடணும், அதை வச்சுதான் இன்சூரன்ஸ் பணம் வரும். போர்டுல கிட்னி படம் வரைஞ்சே பாதி ஆயுசு போன உங்களுக்கு உடம்பு பாகம் புதுசில்ல. பப்ளிக் எக்ஸாம் பேப்பர் திருத்துற கேம்புக்கு போயிருப்பீங்களே? விடை கீயை பக்கத்துல வச்சுக்கிட்டு, புரியாத கையெழுத்தை படிச்சு, இதுக்கு ரெண்டு மார்க்கா ஒண்ணரையான்னு முடிவு பண்ணி, ஒரு நாளைக்கு இத்தனை பேப்பர் முடிக்கணும், கூட்டல் தப்பானா விளக்கம் கேப்பாங்க. கோடிங்கும் கிட்டத்தட்ட அதேதான், என்ன, வருஷம் பூரா கேம்ப் நடக்கும். ரெசியூம்ல 11 வருஷம் ஜூவாலஜி எடுத்தேன்னு ஒத்தை வரி எழுதாம இந்த கேம்ப் வேலையை எழுதுங்க, நாளைக்கு எத்தனை பேப்பர்னு நம்பரோட. இன்டர்வியூ எடுக்கறவருக்கு புரியற பாஷை அதுதான்.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். நிறைய கம்பெனி புதுசா காலேஜ் முடிச்ச பசங்களதான் கேக்கும், 36 வயசுன்னா யோசிக்கும். அந்த இடத்துல சிபிசிங்கிற அமெரிக்க கோடிங் சர்டிபிகேட் பரீட்சை பாஸ் பண்ணிருந்தா கொஞ்சம் பேச்சு எடுபடும். 4 மணி நேரம், 100 கேள்வி, 70 எடுக்கணும், கோடு புக்கை பாத்தே எழுதலாம். ஆரம்ப சம்பளம் பழைய சம்பளத்தை விட பெருசா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. வீட்ல இருந்தே வேலைங்கிறது பெரும்பாலும் அனுபவம் வந்த பிறகுதான், அதனால சேலம் போய்வர தோதுபடுமான்னு இப்பவே யோசிங்க. கோடிங்னு கூப்பிட்டு ஏஆர் காலிங்ல உக்கார வைக்கிற ஆளுங்களும் உண்டு, அது இன்சூரன்ஸ் பாக்கி பணத்தை கேட்டு பேசற போன் வேலை, நைட் ஷிப்ட், சின்ன பசங்களை வச்சுக்கிட்டு ஆகாது.

நோய் கோடு லிஸ்ட் ஐசிடி-10-சிஎம்னு அமெரிக்க அரசாங்க வெப்சைட்ல சும்மாவே கிடைக்கும். ரெண்டு வாரம் தினம் ரெண்டு மணி நேரம் அதோட உக்காந்து பாருங்க, கண்ணு எரிஞ்சு வெறுத்துப் போச்சுன்னா 45,000 மிச்சம். பிடிச்சிருந்தா அந்த இன்ஸ்டிட்யூட்ல 30 வயசுக்கு மேல படிச்சு வேலைக்கு போன மூணு பேரோட நம்பர் கேளுங்க. தயங்கினாங்கன்னா வெளிய வந்துடுங்க.

கேள்வி: 29 வயசு, பிசிக்ஸ். ஸ்கூலை விட்டதும் ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனில அகாடமிக் கவுன்சிலர் வேலைக்கு கூப்பிடறாங்க, மாசம் 40,000. போகலாமா மேடம்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தம்பி, பேருதான் கவுன்சிலர், வேலை கோர்ஸ் விக்கிறது. அது கேவலமான வேலைன்னு சொல்லல, விக்க தெரிஞ்சவங்க நல்லாவே சம்பாதிக்கறாங்க. அந்த 40,000-ல நிச்சய சம்பளம் எவ்வளவு, டார்கெட் முடிச்சாதான் வர்றது எவ்வளவு, ரெண்டு மாசம் டார்கெட் அடிக்கலன்னா என்ன ஆகும், இந்த மூணையும் மெயில்ல கேளுங்க. ஆன்லைன் டியூஷன்ல பைஜூஸ் எவ்வளவு பெரிய கம்பெனி, 2024-ல திவால் வழக்குல போய் நின்னுச்சு, அதனால கைல ஆறு மாச செலவுக்கு காசு இல்லாம இந்த பக்கம் போக வேணாம். அப்புறம் ஒரு சந்தேகம், உங்களுக்கு கிளாஸ் எடுக்கறது பிடிக்கலையா இல்ல அந்த ஸ்கூல் பிடிக்கலையா? ரெண்டாவதுதான்னா பாடம் எழுதற வேலை, கேள்வி பேங்க் தயாரிக்கிற வேலைன்னு தேடுங்க, சென்னைல பாடப்புத்தக வேலை செய்ற கம்பெனிகள் நிறைய இருக்கு.

கேள்வி: தமிழாசிரியர், 52 வயது. கணினி அவ்வளவா வராது. எனக்குப் பள்ளிக்கு வெளியே வேலை ஏதும் உண்டா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டுங்க ஐயா, பிழை திருத்துறதுக்கு ஆள் கிடைக்காம பதிப்பகங்க தவிக்குது. ஒற்று எங்க மிகும்னு தெரிஞ்சவங்க குறைஞ்சுட்டாங்க (என் பதிலை எல்லாம் எடிட்டர் திருத்துற லட்சணம் எனக்குதான் தெரியும்). பக்கத்துக்கு இவ்வளவுன்னு தருவாங்க, அதிகம் இருக்காது, முழு சம்பளமா நம்ப முடியாது. தமிழ்99 கீபோர்டுல டைப் அடிக்க மட்டும் ஒரு மாசம் பழகிக்கோங்க, தமிழ் தெரிஞ்ச கைக்கு அது சீக்கிரம் படியும்.