ஆராய்ச்சிக்கு அதிகம் செலவழிப்பது இன்டெல் என்றால், ஏஎம்டி-யைவிட அதன் கணினி சிப்தானே சிறந்தது?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2023-இல் இன்டெல் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது சுமார் 1,600 கோடி டாலர். ஏஎம்டி சுமார் 590 கோடி. ஆனால் இன்டெல் தொகையில் சிப் தயாரிப்புத் தொழில்நுட்பத்தை உருவாக்கும் செலவும் அடக்கம். ஏஎம்டி தன் ஆலைகளை 2009-லேயே பிரித்துவிட்டது. வடிவமைப்பதோடு சரி, அதன் முன்னணி சிப்களைத் தயாரிப்பது தைவானின் டிஎஸ்எம்சி. இரண்டையும் நேருக்கு நேர் வைப்பதே தப்புக் கணக்கு.

வேகம் என்றால், எந்த வேலைக்கு? ஏஎம்டி-யின் ரைசன் 7 7800எக்ஸ்3டி சிப்பில் 8 கோர்தான் (கோர் என்பது கணக்கிடும் அலகு). ஆனால் 96 எம்பி எல்3 கேஷ் (சிப்பிலேயே உள்ள அதிவேக நினைவகம்) இருப்பதால், பல கேம்களில் 24 கோர் உள்ள இன்டெலின் கோர் ஐ9-14900கே-யையே முந்துகிறது, மின்சாரமும் குறைவு. ரெண்டரிங்கில் (3டி மாதிரிகளைப் படமாக்கும் வேலை) வேகம் தலைகீழ், இன்டெல்தான் முந்தும்.

தரத்தில் இருவருமே சறுக்கியவர்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சில, தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நலிந்து கிராஷ் ஆயின. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வந்தது, உத்தரவாதமும் 2 ஆண்டு நீண்டது. அந்தத் திருத்தம் சேர, மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸை அப்டேட் செய்வது கட்டாயம். ஆனால் ஏற்கெனவே கெட்ட சிப்பை அது சரிசெய்யாது, உத்தரவாதத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும். ஏஎம்டி பக்கம், 2023-இல் சில ரைசன் 7000 சிப்கள், எஸ்ஓசி (சிப்பில் மெமரி கண்ட்ரோலர் உள்ள பகுதி) மின்னழுத்தம் எகிறிக் கருகின. அதன்பின் பயாஸில் 1.3 வோல்ட் உச்சவரம்பு வந்தது.