அகழாய்வில் கிடைத்த பழந்துணியை ஏன் உடனே கழுவிவிடுவதில்லை?

மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் கிடந்த துணி அங்குள்ள ஈரத்தோடு ஒருவகைச் சமநிலையை எட்டியிருப்பதால், வெளியே எடுத்ததும் கட்டுப்பாடின்றி உலரவிட்டால் இழைகள் சுருங்கி நொறுங்கக்கூடும். ஆகவே ஈரமாகக் கிடைத்ததை ஈரமாகவும், உலர்ந்து கிடைத்ததை உலர்வாகவும், இயன்றால் சுற்றியுள்ள மண்கட்டியோடு சேர்த்தே ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்வார்கள். கழுவிய பின் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. அழுக்கு என்று தோன்றுவதிலேயே மகரந்தமும் சாயத்தின் எச்சமும் இருக்கலாம். மொகஞ்சதாரோவில் பருத்தித் துணியின் எச்சம் வெள்ளிக் கலம் ஒன்றில் ஒட்டியிருந்ததால்தான் தப்பியது. கலத்தின் மேல் களிம்பாகப் படிந்த உலோக உப்புகள் அதை மட்காமல் காத்தன. அந்தக் களிம்பைப் பளபளப்புக்காகத் தேய்த்து எடுத்திருந்தால் (உலோகத்தைத் துலக்கும் ஆர்வத்தில் இப்படி நேர்வதுண்டு) துணியும் அதோடு போயிருக்கும். காட்சிக்கூடத்தில் ஒளியை ஏறத்தாழ 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) வைப்பது வழக்கம், ஏனெனில் ஒளியில் மங்கிய சாயத்தை மீட்க வழியில்லை.