லாகில் இருந்து பெயரைப் பிரித்தெடுக்க: ரெஜெக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லாகில் (நிரல் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு) வரி இப்படி இருக்கும்: பெயர்="கயல்விழி" காரணம்="கடவுச்சொல் தவறு". ரெஜெக்ஸில் (எழுத்துத் தொடர்களைத் தேடும் வடிவக் குறிப்பு) பெயர்="(.*)" என்று போட்டால் காரணத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருகிறதே?

பதில்: நட்சத்திரக் குறிக்குப் பேராசை அதிகம். வரியின் கோடிவரை ஓடிவிட்டு, அங்கிருந்து பின்வாங்கிக்கொண்டே மேற்கோள்குறியைத் தேடும். முதலில் எதிர்ப்படுவது கடைசிக் குறி. பெயர்="([^"]*)" என்று எழுதுங்கள். மேற்கோள்குறி அல்லாத எதையும் எடு என்று பொருள், அடுத்த குறியில் தானே நின்றுவிடும்.

கேள்வி: பைத்தானில் பின்சாய்கோடு டபிள்யூ (\w, சொல்லில் வரும் எழுத்தைக் குறிப்பது) போட்டேன். ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக வருகின்றன, தமிழ்ப் பெயர்கள் சிதறுகின்றன.

பதில்: முருகன் உங்களுக்கு ம, ர, கன என்று மூன்று துண்டாக வந்திருப்பாரே! கொம்பு, கால், புள்ளி எல்லாம் யூனிகோடில் தனிக் குறிகள். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் மாட்யூல் அவற்றை எழுத்தாகவே மதிப்பதில்லை. (இந்திக்கும் இதே கதிதான்.) [ஃ-௺]+ என்று தமிழ் எழுத்துகளின் வரம்பையே கொடுத்தால் முருகன் முழுசாக வருவார். ஆனால் நாளைக்கே ‘சு. முருகன்’ என்று இனிஷியலோடு ஒருவர் வருவார், திரும்பவும் உடையும். பெயர் எப்படி இருக்கும் என்று சொல்லப் போனால் முடிவே கிடையாது. அதற்கு முன்னும் பின்னும் லாகில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: கிரெப்பில் (பொருந்தும் வரிகளைத் தேடித் தரும் கட்டளை) முழு வரியும் வருகிறது. பெயர் மட்டும் போதும்.

பதில்: சின்ன ஓ ஆப்ஷன் (-o), பொருந்திய பகுதியை மட்டும் தரும். எண்ண வேண்டுமானால் சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்திவிட்டு, சின்ன சி ஆப்ஷனோடு (-c) யூனிக் கட்டளை; வரிசைப்படுத்தாமல் யூனிக் போட்டால் அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை மட்டும்தான் சேர்க்கும்.

கேள்வி: ([^ ]+ ?)+" என்ற பேட்டர்ன் சில வரிகளில் அப்படியே தொங்கிவிடுகிறது.

பதில்: கூட்டல் குறிக்குள் இன்னொரு கூட்டல். பொருந்தாத வரி வந்தால் அதை எத்தனை விதமாக வெட்டலாமோ அத்தனையும் முயன்று பார்க்கும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் சேவையே முடங்கியது, இப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கித் தேடிய ஒரே ஒரு ரெஜெக்ஸால். [^"]+" போதுமே.

கேள்வி: எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) லாகில் ‘ஃபார்’ என்ற சொல்லுக்கு அடுத்ததை எடுக்கிறேன். பாதிப் பேருக்குப் பெயர் ‘இன்வேலிட்’ என்று வருகிறது!

பதில்: அந்தக் கணினியில் இல்லாத பெயரில் யாராவது நுழையப் பார்த்தால், எஸ்எஸ்எச்சை இயக்கும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் பெயருக்கு முன்னால் ‘இன்வேலிட் யூசர்’ என்று சேர்க்கும். அதை (?:இன்வேலிட் யூசர் )? என்று விருப்பப் பகுதியாக்குங்கள்.

இன்னொன்று. அந்தப் பெயரைத் தட்டுவது தாக்க வந்தவன். ‘ரூட் ஃப்ரம் 10.0.0.5’ என்பதையே பெயராகத் தட்டினால்? அடுத்து வருவது முகவரி என்று முதல் ‘ஃப்ரம்’ஐ நம்பும் உங்கள் ஸ்கிரிப்ட், சம்பந்தமே இல்லாத முகவரியைத் தடை செய்துவிடும். இங்கே மட்டும் அந்தப் பேராசை உதவும்: (.*) ஃப்ரம் ([^ ]+) போர்ட் [0-9]+ எஸ்எஸ்எச்2$. ஆங்கிலச் சொற்களை லாகில் உள்ளபடியே போடுங்கள். கடைசி டாலரை (வரி இங்கே முடிகிறது என்பதன் குறி) விட்டுவிடாதீர்கள்.