முதலில் வேலையா, மொழியா? திரொம்சோவிலிருந்து கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வவுனியாவில் ஆசிரியையாக இருந்து, மூன்று மாதங்களுக்கு முன்னர் கணவரிடம் வட நோர்வேயிலுள்ள திரொம்சோவுக்கு வந்து சேர்ந்த நீங்கள் இரண்டு விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் எல்லோரும், மீன் தொழிற்சாலையில் உடனே சேர்ந்துவிடுங்கள், மொழி தானாக வரும் என்கிறார்களே, அப்படிச் செய்யலாமா என்பது ஒன்று. சூரியனே தலைகாட்டாத இந்த இருட்டை எப்படித் தாங்குவது என்பது மற்றது. முதலாவதற்கு என் பதில் இதுதான்: மொழி தானாக வராது. எனக்கு 14 ஆண்டுகள் வரவில்லை.

நான் காரைநகர்க்காரன். 1956இல் நோர்வேக்கு வந்த அந்தோனி ராஜேந்திரம் அவர்கள், பின்னர் இந்நாட்டவரின் உதவியோடு எங்கள் ஊரில் தொடக்கிவைத்த சீநோர் படகுத் தளத்தைப் பார்த்து வளர்ந்ததால், நோர்வே என்ற பெயர் எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம். எண்பதுகளில் எங்கள் பக்கத்து இளைஞர் பலர் இங்குள்ள ‘ஃபோல்க்கஹொய்ஸ்கூலெ’ எனப்படும் விடுதிப் பள்ளிகளில் மாணவராக இடம் பெற்று வந்தார்கள். 1987இல், 21 வயதில், நானும் அப்படித்தான் வந்தேன். ஓராண்டு முடிந்ததும் ஊரில் வாங்கிய கடன் நினைவுக்கு வர, முன்னரே போயிருந்த நண்பர்களின் சொல்லை நம்பி, வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கின் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மீன் வெட்டப் போனேன்.

அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கடன் அடைந்தது, தங்கைமாரின் திருமணங்கள் நடந்தன. ஆனால் அங்கே மொழி எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்? இயந்திரங்களின் இரைச்சலுக்காக எல்லோரும் காதுக்கவசம் அணிந்து, ஓடும் பட்டியின் முன்னால் நின்றபடி, சீவிய மீனில் முள் எஞ்சியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். இடைவேளையில் எங்கள் ஆட்களோடு ஒரு மேசையில் தமிழில் கதைப்போம். ‘தொர்ஸ்க்’, ‘ஹூசெ’ என்று மீன்களின் பெயர்களும், கத்தி, பெட்டி, பனிக்கட்டி என்பவற்றுக்கான சொற்களுமாக ஒரு நாற்பது சொற்கள் இருந்தால் அங்கே ஓர் ஆயுளையே ஓட்டிவிடலாம். பள்ளியில் ஓராண்டு படித்த மொழியும் அங்கேதான் தேய்ந்து போனது.

அதற்கான விலையை 2000ஆம் ஆண்டில் கொடுத்தேன். மனைவி மூன்றாம் மாதக் கர்ப்பிணி. திடீரென்று வலியெடுத்ததால் வைத்தியசாலையொன்றுக்குக் கொண்டுபோனோம். கடைக்கும் வங்கிக்கும் கூட்டிச்செல்வது போல, எங்களுக்காகக் கதைப்பதற்கு எட்டு வயது மகனையும் கூட்டிச் சென்றிருந்தோம். வைத்தியர் அவனிடம் நிதானமாக ஏதோ சொன்னார். அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “அம்மா, பாப்பா இல்லையாம்” என்றான். அதன்பிறகு அவர் கேட்ட கேள்விகளையும், ஒரு பிள்ளை தன் தாயிடம் கேட்கக்கூடாத கேள்விகள் அவை, அவனே கேட்டான். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்யும்படி நாங்கள் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்பதைத் தெரிந்துகொள்வதற்கும் மொழி தேவைப்பட்டது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், பொது அலுவலகங்களும் வைத்தியசாலைகளும் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பதைத் தடைசெய்கிறது. வைத்தியரிடம் நேரம் எடுக்கும்போதே ‘தொல்க்’, அதாவது மொழிபெயர்ப்பாளர், வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அதற்கு உங்களிடம் பணம் கேட்கமாட்டார்கள். உங்கள் கணவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் உங்கள் உடம்பைப் பற்றிய கதையை அவர் வாய்வழியாக அனுப்பப் பழகிவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டு, 35 வயதில், நான் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறேன். அந்த வகுப்பின் பரீட்சைகளை 25 வயதில் எழுதியிருந்தால் வேறு என்னவாக இருந்திருப்பேனோ என்ற எண்ணம் சிவப்பு விளக்குகளில் நிற்கும்போது வருவதுண்டு.

உங்கள் நிலை என்னுடையதைவிட நல்லது. கணவர் இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நோர்வேஜிய மொழியும் சமூகக் கல்வியும் இலவசமாகக் கற்பது உங்கள் உரிமை, கடமையும்கூட. ஆனால் அந்த உரிமைக்குக் காலவரையறை உண்டு. பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டால் கைக்காசைக் கட்டித்தான் படிக்கவேண்டி வரும். இந்த வாரமே கொம்யூனுக்கு, அதாவது உங்கள் ஊர் நகரசபைக்கு, போய்ப் பதியுங்கள். குடியுரிமைக்கும் 2022 ஒக்ரோபரிலிருந்து பேச்சில் பி1 எனப்படும் இடைநிலைத் தேர்ச்சியைக் கேட்கிறார்கள். முன்னர் அதைவிட ஒரு படி குறைவாக இருந்தது. பட்டச் சான்றிதழை அங்கீகரிப்பிக்கும் வேலையையும் சேர்த்தே தொடங்குங்கள். பணம் மிகவும் நெருக்கினால் வார இறுதியில் வேலை செய்யுங்கள், பகல் வகுப்பை மட்டும் விடாதீர்கள். வேலையிடம் ஒன்றில் இருந்தபடி மொழி பழக வகுப்பினூடாக ஓர் இடம் கிடைக்குமானால், மழலையர் பள்ளி ஒன்றைத் தரும்படி கேளுங்கள். ஆசிரியையான உங்களுக்கு அது அந்நியமாக இராது, நாலு வயதுப் பிள்ளைகளும் உங்கள் பிழைகளைக் கூச்சமின்றித் திருத்துவார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. வகுப்பில் ‘என்ன’ என்பதற்கு ‘வா’ என்று படிப்பிப்பார்கள். தெருவில் இறங்கினால் திரொம்சோக்காரர் ‘கா’ என்பார்கள். ‘எங்கே’ என்பது புத்தகத்தில் ‘வூர்’, அவர்கள் வாயில் ‘கொர்’. எழுதுவது ஒன்று, கதைப்பது ஒன்று என்பது தமிழர்களாகிய நமக்குப் புதிதா? வகுப்பில் படித்தது பொய் என்று மட்டும் மனம் சோராதீர்கள்.

இருட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. ஆயினும் நண்பகலை ஒட்டிய இரண்டு மூன்று மணிநேரம் நீல வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்காதீர்கள். மேலங்கியில் ஒளிதெறிக்கும் பட்டியைத் தொங்கவிடுங்கள். பெயரில் ‘ர்’ ஒலிக்கும் மாதங்களில் மீனெண்ணெய் குடிக்கவேண்டும் என்பது இந்நாட்டுப் பெரியவர்களின் வழக்கம். செப்தெம்பரில் தொடங்கி ஏப்ரில்வரை எல்லா மாதங்களும் அதில் அடங்கும். பகலிலும் படுக்கையை விட்டு எழ மனம் வராத நாட்கள் தொடர்ந்தால், வெட்கப்படாமல் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். என் மனைவி இரண்டு குளிர்காலங்கள் சொல்லாமல் இருந்தாள், நானும் கேட்காமல் இருந்தேன்.

ஜனவரி 21ஆம் திகதி உங்கள் ஊரில் சூரியன் திரும்பும் நாளைக் கொண்டாடுவார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ‘சூல்பொல்லெ’ என்ற இனிப்புப் பணியாரம் சாப்பிடுவார்கள். அன்று கணவரை அனுப்பாமல், நீங்களே பேக்கரிக்குப் போய் நோர்வேஜிய மொழியில் இரண்டு கேளுங்கள். கடைக்காரப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும். நீங்கள் மாறவேண்டாம். ‘யை லேரர் நொர்ஷ்க்’, நான் நோர்வேஜிய மொழி படிக்கிறேன், என்று சொல்லிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து கேளுங்கள்.

அன்புடன்,
ஒஸ்லோவிலிருந்து ஓர் அண்ணன்