மலரில் எந்த ஆண்டைப் போடுவது?

அன்புள்ள ஐயா,

மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவள் நான். எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்குக்கு நினைவு மலர் போடுகிறார்கள். கோவில் கல்வெட்டில் பங்கு தொடங்கியது 1960-களில் என்று இருக்கிறது. ஆனால் பாட்டி, தன் அம்மா காலத்திலேயே அதே இடத்தில் கொட்டகை போட்டு ஜெபமாலை சொன்னார்கள் என்பார். முதல் பங்குச்சாமியைத்தான் ஸ்தாபகர் என்று போட வேண்டும் என்கிறது கமிட்டி. எது சரி? எங்கே தேடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கல்வெட்டும் சரி, பாட்டி சொன்னதும் சரி. ஆயர் உத்தரவு போட்டுத் தனிப்பங்காக அறிவித்த வருஷம்தான் கல்வெட்டில் ஏறும். அதற்கு முன் உங்கள் ஊர் வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கும்.

மூணாறையே பாருங்கள். பார்வதி எஸ்டேட்டில் ஷார்ப் துரை தேயிலை நட்டது 1880. கண்ணன் தேவன் கம்பெனி 1897. ஸ்பெயின் தேசத்துக் கார்மேல் சபைச் சாமியார் அல்போன்ஸ் கார்மேல் மாதா கோவிலைத் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம், 1898-ல். தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் அதற்கு முன்பே போடி வழியாக ஆட்களை மலையேற்றத் தொடங்கிவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் அந்தோணியார் படம் மாட்டிய பிறகுதான் சாமியாரே வந்தார்.

அப்போது மூணாறு வராப்புழை உயர்மறைமாவட்டத்தில் இருந்தது. 1930-ல்தான் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்டு விஜயபுரம் மறைமாவட்டம் பிரிந்தது. முதல் ஆயர் பொனவெந்தூரா அரானாவும் ஸ்பானியக் கார்மேல் சபைக்காரர். சனங்களோ மதுரை, திண்டுக்கல் பக்கம் சேசு சபைச் சாமியார்களிடம் மந்திரம், அதாவது ஜெபங்கள், படித்து வந்தவர்கள். பூசை லத்தீனில் நடந்ததால் அதில் சிக்கல் இல்லை. பிரசங்கத்துக்கும், பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் தமிழ் வேண்டுமே! சாமியார் வராத மாதங்களில் ஜெபமாலை சொன்னதும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்ததும், சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்ததும் உபதேசியார்தான். ஸ்தாபகர் என்று ஒருவரைப் போட்டே ஆக வேண்டுமென்றால் என் ஓட்டு அவருக்கு. ஆயர் படமும் எம்.எல்.ஏ. வாழ்த்தும் போட்டது போக இடம் இருந்தால் போடுங்கள்!

சரி, தேடும் வேலைக்கு வருவோம். முதலில் தாய்ப்பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு. பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களோடு எந்த எஸ்டேட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். உங்கள் எஸ்டேட் பெயர் முதலில் தட்டுப்படும் வருஷம் மலருக்குப் பெரிய ஆதாரம். ஆனால் அங்கே மூத்த பிள்ளைகள் பெயர் குறைவாக இருந்தால் குழம்ப வேண்டாம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு இறங்கிவிடுவாள்; குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பதும் கீழேதான் நடந்திருக்கும். அதனால் பாட்டியின் சொந்த ஊர்ப் பங்கிலும் தேடுங்கள். 1908-லிருந்து இன்னொரு வசதி: கல்யாணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று திருச்சபைச் சட்டம். பழைய பக்கத்தின் ஓரத்தில் கல்யாணத் தேதியும் கோவில் பெயரும் குறித்திருக்கும். பிறந்தது கீழே, கல்யாணம் மேலே என்றால் அந்தக் குடும்பம் மலையில் தங்கிவிட்டதற்கு அது ஒரு தடயம்.

அப்புறம், வயசானவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள். "கொட்டகை போட்டது வெள்ளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள். மலையாளிகள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்களே, 1924 ஜூலை, மலையாளிகளின் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1099. மூணாறின் ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. பெரியவர்களிடம் கேட்டது மறந்திருக்காது.

மலரில் இரண்டையும் போடலாம்: பங்கான ஆண்டு, ஜெபக்கூடம் பற்றிய முதல் பதிவு கிடைத்த ஆண்டு. பதிவேட்டை நேரில் போய்க் கேட்டால் எல்லா இடத்திலும் எடுத்துத் தர மாட்டார்கள். உங்கள் பங்குச்சாமியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். திருவிழா சமயத்தில் மட்டும் போகாதீர்கள்.