வியர்வையும் தோல் கிருமியும் கிரிஸ்பரும்: வாசகர் கேள்வி-பதில்

மரபணுவைத் திருத்தும் கருவியான கிரிஸ்பர் தோல் கிருமியை எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

இதில் திருத்தம் எதுவும் நடப்பதில்லை. கிரிஸ்பரின் டிஎன்ஏ வெட்டும் நொதியான காஸ்12ஏவோடு, கிருமியின் டிஎன்ஏவுக்குப் பொருந்தும் வழிகாட்டி ஆர்என்ஏவைச் சேர்த்து விடுகிறோம். இலக்கைப் பிடித்ததும் அந்த நொதி அக்கம்பக்கத்தில் மிதக்கும் ஒற்றை இழை டிஎன்ஏவையெல்லாம் நறுக்கத் தொடங்கிவிடும். ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அதை அணைக்கும் மூலக்கூறு என்று சிறு ‘அறிவிப்பு இழை’களைக் கலந்து வைத்தால், அவை அறுந்ததும் குழாய் ஒளிரும். விஞ்ஞானி ஜெனிஃபர் டவுட்னாவின் குழு 2018-இல் இதை ‘டிடெக்டர்’ என்ற பெயரில் வெளியிட்டது.

வியர்வையைத் துடைத்து எடுத்தால் போதுமா?

போதாது. கிருமி இருப்பது தோலின் மேற்பரப்பில். வியர்வை அதில் கொஞ்சத்தை அடித்துக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். படர்தாமரை என்றால் வளையத்தின் நடுவை விட்டுவிட்டு, சிவந்து செதில் எழும்பிய விளிம்பைச் சுரண்டி எடுங்கள். பூஞ்சையின் செல்சுவர் கெட்டியானது. சிறுமணிகளோடு நன்றாகக் குலுக்கி, 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால்தான் டிஎன்ஏ வெளியே வரும். வியர்வையின் உப்பும் அமிலமும் நொதியை மந்தப்படுத்தும். அதனால் வினைக்கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாதிரியைச் சேர்க்காதீர்கள்.

ஒளிக்குப் பதில் கோடாக முடிவு காட்டும் சோதனைப் பட்டையில், கிருமியே இல்லாத வெற்று மாதிரிக்கும் கோடு விழுகிறது. ஏன்?

பெரும்பாலும் குற்றவாளி, கிருமியின் டிஎன்ஏவைப் பல பிரதிகளாக்கும் பெருக்கம் முடிந்த குழாயின் மூடியைத் திறப்பதுதான். ஆர்பிஏ என்ற பெருக்க முறையில் 37 முதல் 42 டிகிரியில் 20 நிமிடம் பெருக்கிய குழாயில் கோடிக்கணக்கான பிரதிகள் இருக்கும். திறந்ததும் கண்ணுக்குத் தெரியாத துளியாகப் பறந்து அடுத்த குழாயில் விழும். காஸ் கலவையை முன்கூட்டியே மூடியின் உட்புறம் ஒரு துளியாக வைத்து, பெருக்கம் முடிந்ததும் மூடியபடியே சுழற்றி இறக்குங்கள். பெருக்கும் மேசையும் பிப்பெட்டும் தனியாக இருக்கட்டும்.

அப்படியும் கோடு வந்தால் அறிவிப்பு இழையின் அளவைச் சோதியுங்கள். குறைந்தாலும் கூடினாலும் பட்டையில் கோடாகத் தெரியும் தங்கத் துகள்கள் முதல் கோட்டில் முழுதும் சிக்காமல், ‘கிருமி உண்டு’ என்று காட்டும் இரண்டாவது கோட்டுக்கு நழுவிவிடும். ஐந்தாறு செறிவுகளில் வெற்று மாதிரியை ஓட்டி, இரண்டாவது கோடு முற்றிலும் மறையும் அளவைப் பிடியுங்கள்.

மெத்திசிலின் மருந்துக்கு எதிர்ப்பைத் தரும் மெக்ஏ மரபணு கிடைத்தது. எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா என்று எழுதலாமா?

கூடாது. எல்லோர் தோலிலும் சாதாரணமாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸிலும் மெக்ஏ இருக்கலாம். ஆரியஸுக்கே உரிய நியூக் மரபணுவையும் தேடுங்கள். இரண்டும் கிடைத்தாலும், இரண்டும் ஒரே பாக்டீரியாவிலிருந்து வந்தவை என்று ஆகாது. வளர்ப்புச் சோதனைதான் உறுதி சொல்லும்.

படர்தாமரைக்கு டாக்டரிடம் இந்தச் சோதனை கேட்கலாமா?

10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் செதிலை ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே இன்றும் முதல் சோதனை, செலவும் குறைவு. அதற்கு முன் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தயவுசெய்து தடவாதீர்கள். வளையத்தின் விளிம்பு கலைந்துபோய், எங்கே சுரண்டுவது என்றே தெரியாமல் போய்விடும்.